லயத்து வாசலும் வாகன வேகமும்

சமவெளிக் கிராமத்தில் வாசல் என்பது வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே கிடக்கும் நிலம். கோலமிடவும், நெல் காயவைக்கவும், பிள்ளைகள் ஓடியாடவும் அங்கே இடமுண்டு. வேலியும் படலையும் அதனை வீதியிலிருந்து பிரித்துக் காட்டும். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் அத்தகைய இடைநிலம் பெரும்பாலான லயங்களுக்கு இல்லை. இஸ்தோப்பிலிருந்து இறங்கி, கானைத் தாண்டிக் காலை வைத்தால் அதுவே பாதை. துணி உலர்வதும், விறகு பிளக்கப்படுவதும், மாலையில் பந்து வீசி விளையாடுவதும், மாரியம்மன் திருவிழாவில் தேர் வந்து நிற்பதும் அந்தப் பாதையின் மேலேதான். ஆகவே ஒரே துண்டு நிலத்துக்கு இரண்டு பெயர்கள் அமைந்துவிட்டன. வண்டியோட்டி வருபவனுக்கு அது வீதி; அங்கே வாழ்பவர்களுக்கு அது வாசல். பதுளையைச் சுற்றியுள்ள மலைகளில் வாகன வேகத்தைப் பற்றிய பேச்சு இந்த இரட்டைப் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த நிலைமை தற்செயலாக உண்டானதன்று. 1869ஆம் ஆண்டில் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழிக்க, அதனையடுத்த ஆண்டுகளில் தேயிலை மலைகளெங்கும் பரவிற்று. மலைச்சரிவில் மட்டமான நிலம் அரிது. சரிவைக் குடைந்து பாதை வெட்டும்போது கிடைத்த சமதளத்தின் ஓரத்திலேயே தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் காம்பராக்களை வரிசையாகக் கோத்துக் கட்டிய அந்தக் கட்டடங்களுக்கு முற்றம் எதற்கு என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொழுந்து ஏற்றிய வண்டி தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வழி இருக்க வேண்டும், ஆட்கள் பிரட்டுக்கு விரைவாக வந்து சேர வேண்டும் என்பவையே முதன்மையான நோக்கங்கள்.

எனினும் நெடுங்காலம் இதனால் பெரிய தீங்கு நேரவில்லை. அந்நாளில் தோட்டத்துப் பாதையில் ஓடிய வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொழுந்து லொறியின் முனகல் எந்த வளைவில் கேட்கிறது, இன்னும் எத்தனை நேரத்தில் அது மடுவத்தை அடையும் என்பதெல்லாம் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியும். துரையின் மோட்டார் சைக்கிளை அதன் ஓசையைக் கொண்டே பிள்ளைகள் அடையாளம் கண்டு விலகி நின்றார்கள். லொறிச் சாரதியும் அதே தோட்டத்தில் குடியிருந்தவன். எந்தக் காம்பராவில் எத்தனை குழந்தைகள் என்பது அவனுக்குத் தெரியும். வேகத்தைக் கட்டுப்படுத்தியது சட்டமன்று, பழக்கமே.

அந்தப் பழக்கம் இன்று போதுமானதாக இல்லை. காரணம், பாதையில் வருபவர்கள் மாறிவிட்டார்கள். முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் தோட்டத்து இளைஞர்களிடமே பெருகியுள்ளன என்பது ஒரு பக்கம். மற்றொரு பக்கம் உல்லாசப் பிரயாணிகளின் வருகை. தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் வாங்கிய தம்பேத்தனைத் தோட்டத்தின் உச்சியிலே, அவர் அமர்ந்து மலைகளைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் இடமொன்று உண்டு. "லிப்டன் சீட்" என்ற பெயரோடு அது உலகெங்கும் அறியப்பட்டிருக்கிறது. அப்புத்தளையிலிருந்து அங்கே செல்லும் குறுகிய பாதை தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி, லயங்களின் ஓரமாகவே வளைந்து ஏறுகிறது. பனிமூட்டம் எழுமுன் உச்சியை அடைந்து சூரிய உதயத்தைக் காண வேண்டும் என்பது பிரயாணிகளின் ஆவல். தொழிலாளர் பிரட்டுக்கும் மலைக்கும் புறப்படுவதும், பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தைகள் தூக்கிச் செல்லப்படுவதும் அதே விடியற்பொழுதில்தான். எல்லவிலும் அவ்வாறே. 1921ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையும், சிறிய சிவனொளிபாதம் எனப்படும் குன்றையும் காண வருவோர் தேயிலைக்கு நடுவே உள்ள ஒடுங்கிய பாதைகளில் புகுகிறார்கள். மலையுச்சிகளில் கூடாரமடித்து இரவு தங்கும் வழக்கமும் பரவியிருப்பதால், இருட்டிய பின்னரும் அறிமுகமில்லாத வண்டிகள் லயத்தைக் கடந்து போகின்றன.

இங்கே மனித இயல்பின் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தெற்கு அதிவேகப் பாதை 2020ஆம் ஆண்டு பெப்ரவரியில் மத்தளை வரை நீட்டப்பட்ட பின்னர், கொழும்பிலிருந்து வருவோரில் பலர் அவ்வழியே வந்து வெல்லவாயவினூடாக எல்லவுக்கு ஏறுகின்றனர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடிய கண்ணுக்கு 50 கிலோமீட்டர் என்பது நடைவேகம் போலத் தோன்றும். வேகமானியைப் பாராமல் மனத்தளவில் குறைக்கும் சாரதி, தான் எண்ணியதைவிட விரைவாகவே போய்க்கொண்டிருப்பான். அவனிடத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. மேலைநாடுகளில் காரவன் எனப்படும் வீட்டுவண்டிகளும் கூடாரங்களும் தங்கும் முகாம்களை நடத்துவோரும் இதே தொல்லையை நெடுங்காலமாகக் கண்டுவந்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி முகாமுக்குள் நுழைபவன், "வந்து சேர்ந்துவிட்டோம்" என்று மனம் தளர்கிறான். அவனுடைய கை கால்களோ இன்னும் நெடுஞ்சாலையிலேயே இருக்கின்றன. முகாமில் உள்ள குழந்தைகளோ அந்தப் புல்வெளிப் பாதை முழுவதையும் தமது முற்றமாகவே கருதுகிறார்கள். ஆகவே பிரித்தானிய முகாம்களில் மணிக்கு 5 மைல் என்ற எல்லை சாதாரணமாகக் காணப்படுகிறது. விடுமுறைக்குச் சில நாள் தங்குபவர்களின் பிள்ளைகளுக்கே இத்தனை கவனம் வேண்டுமென்றால், ஆண்டு முழுவதும் பாதையோரத்தில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஊவாவின் வீதி விபத்துகள் என்றால் பெருவீதிகளில் நேர்ந்த பேரிழப்புகளே பலரின் நினைவுக்கு வரும். 2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி காலையில், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் வண்டி பசறை வீதியின் 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து பதினான்கு பேருக்குக் குறையாமல் மாண்டனர். 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்களின் சுற்றுலா பஸ் பள்ளத்தாக்கில் விழுந்தபோது 15 பேர் உயிரிழந்தனர். இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னர் பாதுகாப்பு மதில்களைப் பற்றியும் பஸ்களின் தரத்தைப் பற்றியும் நாடு முழுவதும் பேசப்படுகிறது; பேசப்பட வேண்டியதே. ஆனால் லயத்து வாசலில் ஒரு குழந்தை முச்சக்கரவண்டியில் மோதுண்டால், அது அந்தத் தோட்டத்து எல்லையைத் தாண்டிச் செய்தியாவது அரிது. பெருவீதிக்கு மதில் வேண்டும். வாசலுக்கு வேண்டியது குறைந்த வேகம். இரண்டும் வேறு வேறு காரியங்கள்.

குறைந்த வேகம் என்றால் எவ்வளவு? கணக்கை லயத்தின் அளவிலேயே போட்டுப் பார்க்கலாம். அபாயத்தைக் கண்ட சாரதியின் கால் தடுப்பை அழுத்துவதற்கு ஏறக்குறைய ஒரு விநாடி செல்லும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி 8 மீற்றர் நகர்ந்துவிடும். உலர்ந்த தார்ப் பாதையில் தடுப்புப் பிடித்து நிற்பதற்கு மேலும் 5 மீற்றர் வேண்டும். மொத்தம் 13 மீற்றர். அதாவது நான்கு காம்பராக்களின் முகப்பு. வேகம் 50 கிலோமீட்டரானால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. யோசிக்கும் ஒரு விநாடியிலேயே 14 மீற்றர் கழிந்துபோகும். நிற்பதற்கு இன்னும் 14 மீற்றர். எட்டுக் காம்பராக்களின் நீளம் வேண்டும். நான்காம் காம்பராவுக்கு எதிரே ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலாவது வண்டி குழந்தைக்கு முன்னே நின்றுவிடுகிறது. இரண்டாவது வண்டியின் சாரதியோ, குழந்தை நிற்கும் இடத்தை அடையும்போது இன்னும் தடுப்பில் காலையே வைத்திருக்க மாட்டான். மோதல் முழு வேகத்தில் நிகழும். அதன் வலிமை ஏறத்தாழ 32 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மலைநாட்டவருக்கு 32 அடிப் பள்ளம் என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவை உலர்ந்த, மட்டமான பாதைக்கான கணக்குகள். ஊவாத் தோட்டத்துப் பாதைகளில் எத்தனை பங்கு அப்படி இருக்கும்? இறக்கத்தில் வண்டியின் பாரமே அதனை முன்னே தள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தளர்ந்த சரளைக்கல் சக்கரத்தின் கீழ் உருளும். ஐப்பசி தொடங்கி வரும் வடகீழ்ப் பருவமழையில் செம்மண் சேறு வழுக்கும். நிற்கும் தூரம் ஒன்றரை மடங்காகவோ அதற்கு மேலாகவோ நீளும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி, இயந்திரத்தை நிறுத்தியோ கியரைக் கழற்றியோ இறக்கத்தில் வண்டியை வழுகவிடுவோர் இருக்கிறார்கள். அந்த வண்டிக்கு இயந்திரத்தின் பிடியும் இல்லை, ஓசையும் இல்லை. ஓசையைக் கேட்டு விலகிப் பழகிய லயத்துக்கு இது புதிய அபாயம். மின்கலத்தின் துணையோடு சத்தமின்றி ஓடும் இக்காலத்துக் கார்களும் மெதுவாகச் செல்லும்போது அப்படித்தான்.

இன்னுமொரு காரணம் தேயிலைச் செடியிலேயே இருக்கிறது. கொழுந்து பறிப்பதற்கு வசதியாகச் செடிகள் இடுப்பளவில் மட்டமாக நிறுத்தப்படுகின்றன. ஐந்து வயதுக் குழந்தையின் உயரமும் ஏறக்குறைய அதுவே. மேல்மலையிலிருந்து குறுக்குப் பாதை வழியாக ஓடிவரும் பிள்ளையின் தலை, பாதையில் கால் வைக்கும் கணம் வரை செடிகளின் பசுமைக்குள் மறைந்தே இருக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் பார்வை சில காலம் நன்றாக எட்டும். செடி வளர வளர மறுபடியும் மறைந்துவிடும். குறுக்குப் பாதைகள் பெரும்பாதையில் வந்து சேரும் இடங்களில் மட்டும் இருபுறமும் சில வரிசைச் செடிகளைத் தாழ்த்தி வைத்தால் பேருதவியாக இருக்கும். கொழுந்து நட்டம் மிகச் சொற்பமே.

சாரதிகளை மெதுவாக ஓட்டச் செய்வதற்கு முதலில் எல்லாரும் நாடுவது அறிவிப்புப் பலகை. "குழந்தைகள் விளையாடுமிடம், மெதுவாகச் செல்க" என்ற பலகையை எழுதி நட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. பல நாடுகளின் அனுபவம் இதற்கு மாறாகவே இருக்கிறது. பலகையை முதல் நாள் பார்ப்பவன் பத்தாம் நாள் பார்ப்பதில்லை. குழந்தை எதுவும் கண்ணில் படாதபோது, பலகை பொய் சொல்கிறது என்று சாரதியின் மனம் முடிவு கட்டிவிடுகிறது. பலகை வேண்டாம் என்பதன்று. வைத்தால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும், படத்தோடும், வேக எண்ணோடும் லயம் தொடங்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். வாடகை முச்சக்கரவண்டியைத் தாமே ஓட்டிவரும் வெளிநாட்டாருக்குப் படமும் எண்ணும்தான் பேசும்.

ஹோர்ன் ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைவுகளில் ஒலியெழுப்புவது மலைவீதியின் நல்ல மரபு. ஆனால் லயத்தருகே அது வேறு பொருள் பெற்றுவிடுகிறது. "வருகிறேன், விலகு" என்பதே அதன் கருத்து. "மெதுவாக வருகிறேன்" என்பதன்று. விலகும் பொறுப்பு முழுவதும் ஆறு வயதுப் பிள்ளைமீதும், காது மந்தமான முதியவர்மீதும் ஏற்றப்படுகிறது. ஒலியெழுப்பியபின் வேகத்தைக் குறைக்கும் சாரதி அரியவன்.

ஆகவே பாதையின் அமைப்பே சாரதியிடம் பேச வேண்டியிருக்கிறது. வேகத்தடை எனப்படும் மேடு அத்தகைய மொழிகளுள் மிகப் பழகியது. எக்ஸ் கதிர் ஆராய்ச்சிக்காக 1927ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற ஆர்தர் கொம்ப்டன், அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பல்கலைக்கழகக் கட்டடத்தின் முன்னே வண்டிகள் விரைவதைக் கண்ட அவர், 1953ஆம் ஆண்டில் அவற்றைக் கட்டுப்படுத்தும் மேடுகளை வகுத்தார். அணுவின் உள்ளே நுழைந்த அறிவு, வாயிற்பாதையின் மேட்டையும் இழிவாக எண்ணவில்லை. பின்னர் 1970களில் பிரித்தானியாவின் வீதி ஆராய்ச்சிச்சாலை இதனை முறையாகச் சோதித்தது. குட்டையான, செங்குத்தான மேடு மெதுவாக வருபவனைத்தான் குலுக்குகிறது; வேகமாக வரும் வண்டியின் சுருள்வில் அந்த அடியை விழுங்கிவிடுவதும் உண்டு. நீளமான, வட்டவடிவாக எழுந்து தாழும் மேடோ வேகம் கூடக்கூட அதிகமாகத் தூக்கிப்போடுகிறது. ஏறக்குறைய 12 அடி நீளம், 4 அங்குல உயரம் என்ற அளவு அங்கே பிறந்தது. கிராமத்துப் பாதைகளில் ஒரு சாண் அகலத்தில் சீமெந்தைக் குவித்து வைக்கப்படும் மேடு மோட்டார் சைக்கிளைக் கவிழ்க்கவும், நோயாளியின் முதுகை நோகச் செய்யவும் மட்டுமே நன்கு பயன்படும்.

மலையில் மேடு கட்டுவதற்கு வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. செங்குத்தான இறக்கத்திலும், வளைவின் மறைவிலும் அதனை வைத்தல் ஆகாது. வண்டியை வேகம் குறைத்து வரச் சொல்லும் மேடு, சாரதிக்குத் தொலைவிலேயே தெரிய வேண்டும். பனிமூட்டத்திலும் தெரியும்படி வெள்ளைப் பட்டைகள் தீட்டியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கட்டினால் அதைத் தாண்டியதும் வண்டி சீறிப் பாயும். ஆகவே லயத்தின் இரு முனைகளிலும், நீண்ட லயமானால் நடுவிலும் தேவைப்படும். யாவற்றுக்கும் மேலாக மழைநீர். குறுக்கே எழும் மேடு ஓர் அணையாகிவிடும். கான்பக்கத்தில் இடைவெளி விடாமல் கட்டினால், தேங்கிய நீர் பாதையை அரிக்கும் அல்லது நேரே இஸ்தோப்புக்குள் புகும். மண்சரிவின் பயங்கரத்தை 2014ஆம் ஆண்டு அக்டோபரில் மீரியபெத்தையில் கண்ட பிரதேசம் இது. நீரை அதன் வழியில் விடாத எந்த வேலையும் இங்கே நன்மையாகாது.

மேடு மட்டுமே வழியன்று. ஒல்லாந்து நாட்டு டெல்ப்ட் நகரில் குடியிருப்புத் தெருக்களை மாற்றியமைத்தபோது வேறொரு கருத்து உருவாயிற்று. தெரு முழுவதும் வசிப்போரின் முற்றம். வண்டி அங்கே விருந்தாளி. நடைவேகத்துக்கு மேல் போகலாகாது என்பதே அது. 1976ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் அதனை ஏற்றுக்கொண்டது. நேரான பாதை மரங்களாலும் பூந்தொட்டிகளாலும் வளைக்கப்பட்டது. தார் நீங்கிக் கல் பாவப்பட்டது. கண்ணுக்கு வீதிபோலத் தோன்றாத இடத்தில் சாரதி தானாகவே தயங்குகிறான். லயத்தின் தொடக்கத்தில் இருபுறமும் ஒரு சிறு தூண், அங்கிருந்து கருங்கல் பாவிய சில அடித் தளம், ஒரு நிழல் மரம் — இவ்வளவு போதும், "இங்கே வேறோர் இடம் தொடங்குகிறது" என்று சொல்வதற்கு. 2020ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஸ்டொக்ஹோம் மாநாட்டில் கூடிய நாடுகள், நடப்போரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே மேலெல்லையாக வேண்டுமென அறிவித்தன. இலங்கையில் மக்கள் செறிந்த பகுதிகளுக்குப் பொதுவாக உள்ள எல்லை 50. லயத்து வாசலுக்கு 30கூட அதிகமே; 20 என்றால் நிற்பதற்கு இரண்டு காம்பரா நீளத்துக்குச் சற்று மேல் போதும்.

இவற்றையெல்லாம் யார் செய்வது? நெடுங்காலம் இந்தக் கேள்விக்கு விடையே இல்லாதிருந்தது. பதுளை, பசறை, லுணுகலை ஊடாகச் செல்லும் பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. ஆனால் தோட்டத்துக்குள் நுழையும் பாதை தோட்டத்தின் சொத்து. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்கு உரிமையாயின. 1992ஆம் ஆண்டில் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமோ தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. சபைக்கு வாக்களிக்கும் உரிமையுள்ள தொழிலாளி, தன் வாசலில் ஒரு மேடு கட்டித்தரும்படி அதே சபையைக் கேட்க இயலாத விசித்திர நிலை அது. 2018ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கியது. ஆகவே இன்று தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தோடு, பிரதேச சபை உறுப்பினர் வாயிலாக எழுத்துமூலம் கேட்பதற்கு வழி திறந்திருக்கிறது. கேட்கும்போது "பாதையைத் திருத்தித் தருக" என்று மட்டும் எழுதுவது போதாது. குண்டும் குழியுமாகக் கிடந்த பாதை வண்டிகளை ஓரளவு அடக்கி வைத்திருந்தது என்பது கசப்பான உண்மை. மழமழவென்று கொங்கிறீட் போட்ட மறுநாளே வேகம் ஏறும். பாதை திருத்தும் மதிப்பீட்டிலேயே வேகத்தடையையும் அதன் கான் இடைவெளியையும் சேர்த்துக் கேட்டால், தனிச்செலவு குறையும்.

பணமில்லாமல் செய்யக்கூடியவையும் சில உள. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் முச்சக்கரவண்டிச் சாரதிகளில் பலர் தோட்டத்துப் பிள்ளைகளே. அப்புத்தளை, எல்ல, பண்டாரவளை ஆகிய இடங்களிலுள்ள தரிப்பிடங்களில் அவர்கள் தமக்குள் ஒரு வேக எல்லையை வகுத்துக்கொண்டால், பின்னால் வரும் அந்நிய வண்டியும் அவர்களுடைய வேகத்துக்கே கட்டுப்படும். ஒடுங்கிய பாதையில் முந்திச் செல்ல இடமேது? பெரிய வான்களை அடிவாரத்தில் நிறுத்தி, கடைசித் தூரத்தை நடந்து ஏறச் செய்தால் பிரயாணிக்கும் இன்பம், தேநீர்க் கடைக்கும் வருவாய். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் வேளைகளையும், பிள்ளைக் காம்பரா விடும் நேரத்தையும் விடுதிக்காரர்களுக்குத் தெரிவித்து, அந்த அரைமணியில் வண்டி அனுப்பாதிருக்கக் கேட்கலாம்.

மேடு கட்டிய தோட்டங்களில் ஒரு வேலை ஆண்டுதோறும் மீந்திருக்கும். கச்சான் ஓய்ந்து மழை இறங்குமுன், புரட்டாதி மாதத்தில், தேய்ந்துபோன வெள்ளைப் பட்டைகளை மறுபடி தீட்ட வேண்டும். மேட்டுக்கும் கானுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் அடைந்த மண்ணையும் தேயிலைச் சருகையும் அள்ள வேண்டும். ஒரு வாளி சுண்ணாம்பும் ஒரு மண்வெட்டியும், ஒருவரின் அரைநாள் உழைப்பும் அதற்குப் போதும்.